பாய் கடை பிரியாணியும் டெலிவரி ஆப்பும்: கட்டுப்படியாகுமா?

சென்னையில் மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நாலு மேசை போட்டு நடத்தும் பாய் கடைகளுக்கு டெலிவரி ஆப் தாராளமாக உதவும், ‘ஆஃபர்’ பக்கம் போகாதவரை.

கடையில் 120 ரூபாய்க்கு விற்கும் பிரியாணியை ஆப்பில் 160 என்று போடுவதாக வைத்துக்கொள்வோம். கமிஷன் 25 சதவீதம் என்றால் 40 ரூபாய் போச்சு. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7.20. கைக்கு வருவது 112.80, டப்பா, பை செலவு தனி. சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை மட்டும் 2022 ஜனவரி முதல் ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டிவிடுகிறது.

ஆப்பில் விலை கூட்டி வைப்பது இஸ்லாமிய மார்க்கத்தில் தப்பில்லை. வாங்குபவர் விலையைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார். சந்தையில் விலையை நிர்ணயிக்கச் சொன்னபோது நபி (ஸல்) மறுத்ததாக ஹதீஸும் உண்டு. ஆனால் ஒருநாளும் 200க்கு விற்காத பிரியாணிக்கு 200ஐ அடித்துவிட்டு 160 காட்டுவது பச்சைப் பொய்.

அதைவிட மோசம், ஆஃபரில் விட்ட காசை டப்பாவில் பிடிப்பது. சோற்றை உதிர்த்துப் போட்டால் டப்பா நிறைந்த மாதிரிதான் தெரியும்; தராசில் வைத்தால் குட்டு வெளிப்படும். அளவு நிறுவையில் குறைப்பவர்களைக் கண்டித்தே குர்ஆனின் 83-வது அத்தியாயம் தொடங்குகிறது. மாஸ்டரின் கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். டப்பா எடை கழித்து சோறு 450 கிராம், கறி 2 துண்டு என்பதுபோல் முடிவுசெய்து மெனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. மதியம் மிஞ்சியதை அடியில் போட்டு, இரவு தம் உடைத்ததை மேலே பரப்பும் வேலையும் சில இடங்களில் நடக்கிறது. ஈரத் தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்த வியாபாரியிடம் ‘ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல’ என்று நபி (ஸல்) சொன்னது அப்படியே இதற்குப் பொருந்தும்.

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகளுக்கு ஒரு வார்த்தை: அதன்மேல் போடும் மொறுமொறு பேஜோவைத் தனிப் பொட்டலமாகக் கட்டாவிட்டால் பத்தே நிமிஷத்தில் நமுத்துவிடும். சூப்பும் தனியாகத்தான் போகவேண்டும்.

ஜும்ஆ தொழுகைக்கு ஷட்டரை இறக்குபவர்கள் ஆப்பை மறந்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்து எடுக்க ஆளின்றி ரத்தாகும், ரேட்டிங் இறங்கும். வெள்ளிக்கிழமை 12:30 முதல் 2 வரை மூடியிருப்பதாக கடை நேரத்திலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். ரமலானுக்கு அந்த நேரப் பட்டியலைத் தனியாக மாற்றவேண்டும்.