"பவுடர் வெச்சாச்சுக்கா" என்றார்கள்: பல் இம்ப்ளான்ட் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

கீழ்த்தாடையில் வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்றை 2018இல் பிடுங்கினேன். ஒரு பல்தானே, இடதுபக்கம் மென்றுகொள்ளலாம் என்று ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். அது என் தப்பு. அந்த இடத்தை நாக்கால் தடவினால் மெல்லிசாக, வரப்பு மாதிரி தட்டுப்படும். ஈறு சுருங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கரைந்தது எலும்பு. மெல்லும் அழுத்தம் இருக்கிறவரைதான் அந்த எலும்புக்கு வேலை. பல் போனதும் உடம்பு அதைக் கரைக்க ஆரம்பித்துவிடும். முதல் வருடத்திலேயே அகலத்தில் பாதிகூடப் போய்விடலாம். பல்லைப் பிடுங்கியவர் இதையெல்லாம் சொல்லவில்லை.

போன வருடம் தேயிலைக் காசில் மிச்சம் பிடித்து, கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போய் ஒரு கிளினிக்கில் காட்டினேன். முகத்தைச் சுற்றி வந்து எடுக்கும் நீள எக்ஸ்ரே, அதுதான் ஓபிஜி, அது ஒன்றை மட்டும் எடுத்தார்கள். "எலும்பு கொஞ்சம் கம்மியா இருக்குக்கா. கிராஃப்ட் பவுடர் வெச்சு, அதே நாள்ல இம்ப்ளான்ட்டும் போட்டுடலாம். சும்மா சும்மா அலைய வேண்டாம்" என்றார் டாக்டர். மலையில் இருக்கிறவர்களிடம் 'அலைய வேண்டாம்' என்று சொன்னால் போதும், விழுந்துவிடுவோம். இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது பல்வேர் மாதிரி எலும்புக்குள் இறக்கும் திருகுக்கு, 28,000; கிராஃப்டுக்கு, அதாவது குறைந்த எலும்பை நிரப்ப வைக்கும் அந்தத் துகளுக்கு, 15,000 என்று பில். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்றாம் மாதம். திருகின்மேல் மாட்டும் பல் உறைக்கு, அதாவது கேப்புக்கு, அளவெடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. சாயங்காலம் டீயில் முக்கிய வர்க்கியை மென்றுகொண்டிருந்தேன். நன்றாக ஊறி, குழைந்துபோன வர்க்கி. நறுக்கென்று ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தால் உள்ளங்கையில் அந்தத் திருகு. ரத்தம்கூட அதிகம் இல்லை.

கிளினிக்கில் முதலில் "சுகர் இருக்கும்" என்றார்கள். பரிசோதித்துக் காட்டினேன், இல்லை. அப்புறம் "உங்க உடம்பு ஏத்துக்கலை" என்றார்கள். மறுபடி போட்டுத் தருகிறோம், கிராஃப்டுக்கு மட்டும் திரும்பக் கட்டுங்கள் என்றார்கள்.

அங்கிருந்து கிளம்பியவள், மறுவாரம் மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போனேன். அங்கே சிபிசிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு சுவரை நேரே நின்று பார்த்தால் உயரம் தெரியும், தடிமன் தெரியாது அல்லவா? ஓபிஜி அப்படித்தான். சிபிசிடியில் எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோலத் தெரிகிறது. என் எலும்பின் அகலம் 4 மில்லிமீட்டர். போட்டிருந்த திருகு 4.2. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது எலும்பு மிஞ்சியிருக்க வேண்டுமாம். எனக்குத் திருகுக்கே இடமில்லை.

கிராஃப்ட் வைத்தார்களா இல்லையா என்றும் கேட்டேன். "வெச்சிருக்கலாம், சீழ் பிடிச்சுப் போயிருக்கலாம். நான் சொல்ல முடியாது. ஆனா மாட்டெலும்புத் துகள்னா இவ்வளவு சீக்கிரம் கரையாது, ஸ்கேன்ல எங்கயாவது வெள்ளையாத் தெரியணும்" என்றார் அந்த டாக்டர். மாட்டெலும்பா என்று தூக்கிவாரிப் போட்டது. செயற்கைத் துகளும் உண்டு, வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடலாமாம். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. திருகு வரும் டப்பாவிலும் துகள் வரும் குப்பியிலும் லாட் நம்பரோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊட்டிக்குப் போன் போட்டு ஸ்டிக்கர் கேட்டேன். திருகினுடையது கிடைத்தது. துகளினுடையது 'தேடுகிறோம்' என்று இரண்டு மாதமாகத் தேடுகிறார்கள்.

அதனால் நீங்கள் போனால், சிபிசிடி எடுக்காமல் திருகு போட ஒத்துக்கொள்ளாதீர்கள். குப்பியை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரை அன்றைக்கே வாங்குங்கள். பல் இனிமேல்தான் பிடுங்கப் போகிறீர்கள் என்றால், அதே நாளில் குழியில் துகள் நிரப்பி எலும்பைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு, பின்னால் நான் கட்டுகிற காசைவிடக் குறைவு.

எனக்கு இப்போது கோவையில் கிராஃப்ட் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆறட்டும், அப்புறம் ஸ்கேன் பார்த்துத்தான் திருகு என்றார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது; சிகிச்சைக்குக் கட்டிய காசு ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. கழன்று விழுந்த திருகை மாத்திரை டப்பாவில் போட்டு, பில்லோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.