முதுமலை சஃபாரி, புலி தெரியல ஆனா மறுபடி போவேன்

போன மாசம் குடும்பத்தோட முதுமலை போனோம், தெப்பக்காட்டுல காலைல முதல் வண்டி சஃபாரிக்கே ஏறிட்டோம். சீக்கிரம் போறதுதான் நல்லது, வெயில் ஏறிட்டா மிருகமெல்லாம் நிழலுக்குள்ள போயிடும். புள்ளிமான் கூட்டம் கூட்டமா, அப்புறம் காட்டுமாடு, குட்டியோட ஒரு யானைக் கூட்டம், இவ்வளவும் பார்த்தோம். ஒரு இடத்துல மான் திடீர்னு கத்த ஆரம்பிச்சுது, டிரைவர் உடனே வண்டிய நிறுத்திட்டாரு, பக்கத்துல புலி இருக்கலாம்னு அர்த்தமாம், பத்து நிமிஷம் மூச்சு விடாம உக்காந்திருந்தோம், ஆனா பின்சீட்ல ரெண்டு பேரு சத்தமா வீடியோ கால் பேசிட்டே இருந்தாங்க, ரொம்ப வருத்தமா இருந்துச்சு, தயவுசெஞ்சு காட்டுக்குள்ள அமைதியா இருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது யானை முகாம்தான். ராகி, கொள்ளு வேகவச்சு வெல்லம் சேர்த்து பெரிய உருண்டையா பிடிச்சு பாகனும் அவருக்கு உதவியா இருக்கிற காவடியும் நேரா வாயிலயே ஊட்டுறாங்க, ஒவ்வொரு யானைக்கும் அளவு தனித்தனி. மாயார் ஆத்துல யானைங்க குளிக்கிறதையும் பாருங்க.

ஊட்டில இருந்து கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு, அதனால கூடலூர் வழியா போங்க. ராத்திரி 9 மணிக்கு மேல காட்டு ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, அதுக்குள்ள வெளிய வந்துருங்க.