காரைக்குடி ஆடிட்டர் அலுவலகமும் எங்கள் வளவு வீட்டின் மராமத்து நிதியும்

தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் முன்கட்டை மாதம் 30,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாட்டு ஓடு மாற்றவும், சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்யவும் அதில் 5,000 ரூபாயைப் பங்காளிகள் நால்வரும் வங்கியில் தனியாகப் போட்டுவருகிறோம். எவர் கைக்கும் வராத பணம் என்பதால் அதற்கு வருமான வரி இல்லை என்று நம்பியிருந்தோம். முன்பு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்தவரும் அதைக் கழித்தே காட்டினார்.

அது தவறு என்பதைக் காரைக்குடியில் நாங்கள் புதிதாக அணுகிய ஆடிட்டர் அலுவலகம் முதல் நாளிலேயே எடுத்துச் சொன்னது. ஒதுக்கி வைப்பது செலவாகாது. வாடகை முழுவதும் வருமானமே. ஆண்டு வாடகை 3,60,000 ரூபாயில் நாங்கள் கட்டிய சொத்து வரி 10,000 ரூபாய் போக மீதி 3,50,000. அதில் வருமான வரிச் சட்டப்படி 30 சதவீதம், அதாவது 1,05,000 ரூபாய், மராமத்துக்கு ஒரு காசும் செலவழிக்காவிட்டாலும் கழியும். ஆனால் ஓர் ஆண்டில் ஓடு மாற்ற மூன்று லட்சம் ஆனாலும் அதற்கு மேல் கழிக்க இயலாது. பழைய வீட்டைக் காப்பாற்றப் பாடுபடுவோருக்கு இது வருத்தம் தரும் விதிதான். எனினும் காகிதத்தில் கணக்கெழுதிக் காட்டியபோது எங்கள் ஆச்சிக்கும் ஐயமின்றி விளங்கியது.

மீதி 2,45,000 ரூபாயை, பங்குகள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருப்பதால், ஆளுக்கு 61,250 என அவரவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும் என்றார்கள். நிதிக்கு வங்கி தரும் வட்டி வேறு தலைப்பில் வரும் வருமானம் என்பதும், அதற்கு இந்த 30 சதவீதக் கழிவு கிடையாது என்பதும் நாங்கள் அறியாதவை. வாடகைதாரர் கொடுத்த, திருப்பித் தர வேண்டிய முன்பணத்தை வருமானத்தில் சேர்க்கத் தேவையில்லை என்று கேட்காமலே தெளிவுபடுத்தியதை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறையும் உண்டு. கட்டணத்தை முன்கூட்டியே சொல்லவில்லை. நால்வருக்கும் தனித்தனியே வாங்கியது எதிர்பாராதது. ரிட்டர்ன் தாக்கல் நெரிசல் மிகுந்த ஜூலை மாதத்தில் தொலைபேசியில் அவர்களைப் பிடிப்பதும் கடினம். செல்பவர்கள் ஜூன் மாதத்திலேயே, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டில் அவரவர் பங்கைக் காட்டும் பத்திரம், நிதிக் கணக்கின் பாஸ்புக் ஆகியவற்றுடன் சென்று, கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.