என் கூண்டில் மூன்று வம்சம்

வீடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், பந்தயப் புறாக் கூண்டு மலேசியாவின் ஜொகூரில் மாமா வீட்டுக் கொல்லையில். சனிக்கிழமை விடிவதற்குள் பாலம் தாண்டிவிடுவேன்.

400 கிலோமீட்டருக்குள் பந்தயம் என்றால் எனக்கு ஜான்சன்தான். பெல்ஜியத்தின் ஆரெண்டோங்க் ஊரில் ஜான்சன் சகோதரர்கள் வளர்த்த வம்சம். கையில் எடுத்தால் பட்டுத் துணி போல வழுக்கும். அதைவிட முக்கியம், கூண்டு வாசல் பலகையில் இறங்கியதும் நேரே உள்ளே நுழைந்துவிடும். கூரையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் பந்தயம் போச்சு.

நடுத்தூரத்துக்கு வாண்டனபீல வம்சம். குறை சொல்ல எதுவுமில்லை.

மனசு நிற்பது யான் ஆர்டனில். நெதர்லாந்து வம்சம், 700 கிலோமீட்டருக்கு மேல்தான் அதன் அருமை தெரியும். மெதுவாக முதிரும் புறா. முதல் வருடமே தூரப் பந்தயத்துக்கு அனுப்பி ஒரு நல்ல ஆண் புறாவை இழந்தேன், தவறு என்னுடையது. இப்போது இரண்டு வயது வரை பொறுக்கிறேன். பந்தயத்துக்குக் கூடையில் ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் மக்காச்சோளமும் வேர்க்கடலையும் கூட்டுவேன், கொழுப்புதான் நெடும்பயணத்துக்கு எரிபொருள். என் சாம்பல் பெட்டை ஒருமுறை பந்தயத்துக்கு மறுநாள்தான் மழையில் வந்தது. இறகெல்லாம் நனைந்து, நெஞ்செலும்பு கையில் குத்தியது. தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் குஞ்சுகளிடம் போய் அமர்ந்தது.

அப்புறம், வம்சச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வியாபாரியிடம் அப்படி வாங்கிய ஜோடி 150 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. தாய் தந்தையின் பந்தய முடிவுகளைக் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜான்சன் இரண்டு ஜோடி போதும்.