போனிலேயே காலைப் பார்த்த டாக்டரும் என் 2,499 ரூபாயும்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஆப்களில் பணம் கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வாரம் நான் ஊருக்குப் போனபோது வலது கால் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது. "ஆஸ்பத்திரி வரிசையில என்னால உட்கார முடியாதுடி" என்றார். சரி என்று ஓர் ஆப்பில் ரூ.2,499 கட்டினேன். மூன்று மாதத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாமாம்.

லைனில் வந்தவர் எடுத்த எடுப்பில், "அம்மா, சாப்பிட்டீங்களா? சுகர் மாத்திரை போட்டாச்சா?" என்றார். அங்கேதான் விழுந்தோம். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காலை நீட்டினார். நான் டார்ச் அடித்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. "நெட்வொர்க் சரியில்ல, வாய்ஸ்லயே சொல்லுங்க."

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப சேத்துப்புண்தான், பயப்படாதீங்க."

க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைத்தொற்றுக் களிம்பை எழுதினார். நாலே நிமிடம்.

மூன்றாம் நாள் பாதம் வீங்கிச் சுட்டது. உள்ளூர் டாக்டர் விரலிடுக்கை அழுத்தியதும் சீழ் வந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். நைலான் இழை ஒன்றால் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்றார். பாதி இடத்தில் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையில் நரம்பு மரத்துப் போயிருக்கிறது. வலி இல்லை என்றதும்தான் அந்த ஆப் டாக்டர் சுதாரித்திருக்க வேண்டும், 'உடனே நேரில் காட்டுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும்!

போன், வீடியோ வழியாக வைத்தியம் பார்ப்பதற்கென்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் நெறிமுறைகளை அப்புறம்தான் படித்தேன். போனில் பார்த்தால் போதுமா, நேரில் வரச் சொல்வதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு டாக்டருடையது. முதல்முறை பார்க்கிறவருக்கு இந்தக் களிம்பை எழுதக்கூட வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் கட்டாயம். எங்கள் சீட்டில் அந்த இடம் காலி.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "டீமுக்கு அனுப்பியிருக்கோம் மேடம்." இரண்டு நாள் கழித்து, "கன்சல்டேஷன் முடிஞ்சதா காட்டுது மேடம்." நேற்று, "டாக்டர் எடுத்த முடிவுக்கு நாங்க பொறுப்பில்ல, நாங்க வெறும் பிளாட்பார்ம்." ரூ.2,499 வாங்கும்போது மட்டும் பிளாட்பார்முக்குக் கை முளைத்துவிட்டது போல.

பேக்கேஜ் கட்டாதீர்கள். டாக்டர் முகம் தெரியாவிட்டால் கட் பண்ணுங்கள், பதிவு எண் கேளுங்கள். வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசம், அது எனக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் ஆப்பே வேண்டாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கட்டு மாற்ற அம்மாவைக் கூட்டிப் போகணும், ஆட்டோ வந்துவிட்டது.