சொந்த நிரலாளரா, ஒப்பந்த நிறுவனமா? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மென்பொருள் ஆட்கள்

அவசரத்துக்கு ஒப்பந்தம்தான் கைகொடுக்கும். ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தில் ஒரு பணி ஆணை போட்டால் ஆள் வந்துவிடும். சொந்த ஆள் என்றால் விளம்பரம், தேர்வு, பாதுகாப்பு அனுமதி என மாதக்கணக்கில் இழுக்கும்; சம்பளமும் அரசு அளவுகோலைத் தாண்டாது.

சிக்கல் பிறகுதான் தெரியும். முழுக்க அரசுப் பணத்தில் உருவான நிரல் மீது அரசுக்கு வரம்பற்ற உரிமை உண்டு. நிறுவனமும் பணம் போட்டிருந்தால் அரசுப் பயன்பாட்டு உரிமை, அதாவது அரசு வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமை, மட்டுமே. வழக்கமாக 5 ஆண்டு கழித்தே அது வரம்பற்றதாகும். உரிமை இருந்தாலும், ஒப்படைப்புப் பட்டியலில் மூல நிரலைச் சேர்க்காவிட்டால் அது கைக்கு வராது. பலர் சறுக்கும் இடம் இதுதான். இன்னொன்று: ஒப்பந்த ஊழியரைத் தன் ஊழியர்போல அதிகாரி நேரடியாக வேலை வாங்குவதும் பொதுவாக விதிமீறல்.

விமானப்படை 2017-இல் பாஸ்டனில் தொடங்கிய கெஸல் ரன் என்ற மென்பொருள் பிரிவு, தரைப்படையின் ஆஸ்டின் மென்பொருள் கூடம் இரண்டும் மற்ற வழி, அதாவது சொந்த ஆட்களை வைத்தே நிரல் எழுதும் வழி. பயனரான வீரர் பக்கத்திலேயே இருப்பதால் திருத்தம் விரைவாக நடக்கும். ஆனால் சீருடையாளருக்குச் சில ஆண்டுகளில் இடமாற்றம் வரும். நிரலறிவும் அவரோடு போய்விடும்.

எனவே மென்பொருளின் கட்டமைப்பு முடிவும் தயாரிப்புப் பொறுப்பும் நிரந்தர சிவிலியன் ஊழியரிடமே இருக்கட்டும். சோதனை, பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றுவது போன்ற திடீர்ச் சுமைக்கு ஒப்பந்தம் போதும்.