சேர்வராயன் மலையில் சட்ட அறிவு: செயலியா, தொலைபேசி அழைப்பா?

ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலையாளி என்னும் தமிழ் பேசும் பழங்குடியினரின் ஊர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துச் சொல்ல, எழுத்து வடிவச் செயலியைவிட 15100 என்ற சட்ட உதவி எண்ணே ஏற்றது என்று கருதுகிறேன். செயலியில் உள்ளதைச் சேமித்து வைத்துக் கிராம சபையில் காட்டலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால், சட்டத் தமிழ், படித்தவரையே திணறவைக்கும்.

அழைப்பிலோ, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண், சாதாரணக் கைப்பேசியிலேயே, அச்சட்டம் வரம்பாகக் குறிக்கும் 13.12.2005க்கு முன்பிருந்து தன் குடும்பம் உழுதுவரும் வனநிலத்துக்கான கோரிக்கையைக் கிராம சபையில்தான் தொடங்க வேண்டும் என்பதையும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி வருமானம் எதுவாயினும் தனக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், புரியாத இடத்தில் மறுபடி கேட்டுத் தெளிந்துகொள்ள முடியும். கேட்டது மறந்துபோகலாம், ஆகவே, அழைப்பு முடிந்ததும் அதே விளக்கத்தைக் குரல்பதிவாக அனுப்பிவைக்க வேண்டும்.